கவர்னரைக் கூட்டினால் இலாபம் கூடுமா?

மன்னார்க் கரையோரத்தில் மீன் லொறி வைத்திருக்கும் சகோதரர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வண்டி இழுக்குதில்லை. பாஸிடம் சொல்லிக் கவர்னரைக் கொஞ்சம் கூட்டி விட்டேன்." விடியுமுன் பேலியகொடைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் நியாயமானதே. ஆனால் கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

பழைய டீசல் பம்புகளில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறிய எடைகள் உண்டு. சுழற்சி எல்லையை எட்டியதும் அவை விரிந்து டீசலைக் குறைத்துவிடும். அந்த எல்லையைக் குறிக்கும் ஸ்குரூவுக்கு ஈயச் சீல் வைப்பது எஞ்சினைக் காப்பதற்காகவே. அதைத் திருகினால் இழுவை கூடாது. எஞ்சின் தாங்கும் அளவைக் கடந்து சுழலும், வால்வும் பிஸ்டனும்தான் பழுதாகும். இழுவை குறைந்தால் பார்க்க வேண்டியவை டீசல் பில்டர், எயார் கிளீனர், இன்ஜெக்டர் ஆகியவையே.

புதிய லொறிகளில் இந்த வேலையைக் கம்பியூட்டர் செய்கிறது. ஓட்ட வேகத்தையே கட்டுப்படுத்தும் கருவியும் உண்டு. இந்தியா 2015இல் வெளியிட்ட விதியின்படி பொதுவான சரக்கு வாகனங்களுக்கு மணிக்கு 80 கிலோ மீற்றரும், டிப்பர், பவுசர் போன்றவற்றுக்கு 60 கிலோ மீற்றரும் உச்ச வேகமாக்கப்பட்டன. ஐரோப்பாவில் கனரக லொறிகள் 90 கிலோ மீற்றரைத் தாண்ட முடியாது.

இனி எமது வீதிக்கு வருவோம். மன்னாரிலிருந்து மதவாச்சி சுமார் 85 கிலோ மீற்றர். நிற்காமல் 60இல் ஓடினால் 85 நிமிடம். 80இல் ஓடினால் 64 நிமிடம். மிச்சம் 21 நிமிடம் மட்டுமே. ஆனால் 60இல் இருந்து 80க்கு ஏறும்போது காற்றின் எதிர்ப்பும், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் ஏறக்குறைய 78 வீதம் கூடுகின்றன. டீசலும் டயரும் அதற்கேற்பக் கரையும். இரவில் முருங்கன் பக்கம் மாடும், மன்னார் நகருக்குள் கழுதையும் வீதியில் நிற்பது எமக்குத் தெரியாததல்ல.

அந்த 21 நிமிடத்தைக் கரையிலேயே மிச்சம் பிடிக்கலாம். பெட்டிகளையும் ஐஸையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்து நேரத்துக்கு ஏற்றுங்கள். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டால் சிறு தாமதத்தால் மீன் கெடாது. பம்பைத் திருத்துவதாயின் டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில் திருத்தி, மீண்டும் சீல் வைத்து, அளவை எழுதி வாங்குங்கள். சாரதிக்கு "எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வாய்?" என்று இடைக்கிடை தொலைபேசி எடுப்பதையும் நிறுத்துங்கள்.

விபத்து நடந்தால் நீதிமன்றத்தில் நிற்பவர் சாரதி. ஆனால் சீலை உடைக்கச் சொன்னவர் முதலாளியாயின், அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் அவரும்தான். சாரதியின் உயிரும் வீதியில் போவோரின் உயிரும் எமது கையிலுள்ள அமானிதம். அதைப் பணயம் வைத்துத் தேடும் சம்பாத்தியத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

அல்லாஹ் எமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.