பாலுக்கு அமிலம், பொன்னுக்குப் பத்து நிமிடம்

2025 அக்டோபர் 8ஆம் நாள் உலகச் சந்தையில் ஒரு டிராய் அவுன்ஸ் தங்கத்தின் விலை முதன்முறையாக 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. தீபாவளிக்கு மறுநாளான அக்டோபர் 21ஆம் நாள் அதே தங்கம் ஒரே நாளில் 5 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒற்றைக் கடை வைத்திருக்கும் நகை வணிகருக்கு இத்தகைய ஏற்ற இறக்கம் விலைப்பலகையில் ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதும் வேலைதான். அவரே இரண்டாவது, மூன்றாவது கிளையைத் திறந்து இணையத்திலும் விற்கத் தொடங்கும்போது, ஓரிடத்தில் நிற்காத விலையுடைய பொருளுக்குத் திரையில் எந்த விலையைக் காட்டுவது என்பது கணினியியலின் நல்ல கேள்விகளுள் ஒன்றாகிவிடுகிறது.

ஆயத்தமாகக் கிடைக்கும் இணையக் கடை மென்பொருள்கள் பெரும்பாலும் சட்டையையும் செருப்பையும் மனத்தில் கொண்டு உருவானவை. ஒரு பொருள், அதற்கு ஒரு விலை, கையிருப்பில் 12 என்னும் மூன்று செய்திகள் அவற்றுக்குப் போதும். ஆனால் ஒரே அச்சில் செய்த 12 சங்கிலிகளை மின்தராசில் வைத்தால், ஒன்று 8.13 கிராமும் மற்றொன்று 8.21 கிராமும் காட்டும் என்பதால், நகைக்கடையில் ‘12 சங்கிலி’ என்று ஒரு சரக்கு இல்லை. தனித்தனி எடையும் தனித்தனி விலையும் கொண்ட 12 நகைகளே உள்ளன. வளரும் நகைக்கடை தனக்கென இணையக் கடை ஒன்றை வடிவமைத்துக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவே முதற்காரணம். அழகிய முகப்பும் மின்னும் படங்களும் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டாவது காரணத்தைக் கெடாவின் ரப்பர்த் தோட்டத்து மக்கள் கணினி வருவதற்கு முன்பே அறிந்திருந்தனர். பால்மரம் வெட்டியவர் மங்குகளிலிருந்து சேகரித்து வாளியில் சுமந்து வந்த பாலை ஸ்டோரில் நிறுத்த கிராணி என்னும் தோட்டத்துக் கணக்கர், எடையை மட்டும் எழுதிக்கொண்டதில்லை. பாலில் நீரும் உண்டு, ரப்பரும் உண்டு. ரப்பர்த் துகள்கள் நீரைவிட இலேசானவை என்பதால், மெட்ரோலாக் என்னும் மிதவைமானி ரப்பர் மிகுந்த பாலில் ஆழமாக அமிழும், நீர்த்த பாலில் மேலே நிற்கும். அந்த அளவைக்கொண்டு உலர்ந்த ரப்பரின் விழுக்காட்டைக் கணித்து, எடையோடு பெருக்கி, அன்றைய விலையாலும் பெருக்கினால்தான் பாலின் மதிப்புத் தெரியும். தங்கத்துக்கும் கணக்கு இதுதான். 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தூய தங்கம், அதாவது 24இல் 22 பங்கு என்னும் தரக்குறி. நகையின் எடையை அந்தத் தரத்துக்குரிய அன்றைய கிராம் விலையால் பெருக்கி, மலாய் மொழியில் ‘உப்பா’ எனப்படும் செய்கூலியைச் சேர்த்தால் விற்பனை விலை வரும்.

ஆகவே நன்கு கட்டப்பட்ட நகைக்கடைத் தரவுத்தளத்தில், அதாவது செய்திகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் மின்பேரேட்டில், விலை என்னும் கட்டமே இருப்பதில்லை. எடையும் தரமும் கூலியும் நகைதோறும் எழுதப்பட்டிருக்க, கிராம் விலை மட்டும் தனியே ஓரிடத்தில் இருக்கும். வாங்குபவர் திரையைத் திறக்கும் கணத்தில்தான் விலை கணக்கிடப்படுகிறது. கணக்குக்காகக் கிராம் 500 ரிங்கிட் என்று கொண்டால், 8.13 கிராம் சங்கிலியின் தங்க மதிப்பு 4,065 ரிங்கிட். விலை 5 விழுக்காடு இறங்கி 475 ஆனால் 3,861 ரிங்கிட் 75 சென். ஆயிரம் நகைகள் இருந்தாலும் மாற்ற வேண்டியது ஓர் எண்தான். இந்தப் பெருக்கலிலும் ஒரு பள்ளம் உண்டு: கணினியின் வழக்கமான பதின்மப் புள்ளிக் கணக்கு இரண்டடிமான எண்முறையில் நடப்பதால், 0.1 என்னும் எளிய எண்ணைக்கூட அது துல்லியமாக எழுத முடியாது. அதனால் எடையை மில்லிகிராமாகவும் பணத்தைச் சென்னாகவும் முழு எண்களில் வைப்பதே முறை.

இனி வருவதே இந்தப் பொறியமைப்பின் மிக நயமான பகுதி. ஓடிக்கொண்டே இருக்கும் விலை, வாங்குபவர் பணம் செலுத்தும் நேரத்தில் நின்றாக வேண்டும். 4,065 ரிங்கிட் என்று பார்த்து வங்கிப் பக்கத்துக்குச் சென்றவர் திரும்புவதற்குள் விலை 4,090 ஆனால் எந்தத் தொகை செல்லும்? தோட்டத்துப் பாலுக்கும் இத்தகைய ஒரு கணம் உண்டு. வழியில் உறைந்துவிடாமல் அம்மோனியா சேர்த்து நீர்மமாகக் காக்கப்படும் பால், தட்டில் ஊற்றப்பட்ட பின் ஃபார்மிக் அமிலம் கலந்ததும் கட்டியாகிறது. ‘பணம் செலுத்துக’ என்னும் பொத்தானே இணையக் கடையின் அமிலம். அதை அழுத்தியதும் அந்த நொடியின் கிராம் விலை அந்த ஆணையோடு படியெடுத்து வைக்கப்பட்டு, பத்து நிமிடம்போல ஒரு கெடுவுக்கு உறைகிறது. அமிலத்தை முன்னதாகவே ஊற்றினால் பால் வாளியிலேயே கட்டிவிடும்; அதுபோல நகையைக் கூடையில் போட்டதுமே விலையை உறையவிட்டால், வாங்கும் எண்ணமில்லாதவர்கூடக் காலை விலையைப் பிடித்து வைத்துக்கொண்டு மாலையில் ஏற்றத்தைப் பார்த்து வாங்கலாம், அந்த இழப்பு முழுவதும் கடையின் தலையில் விழும். ஒப்புமை இங்கே முடிகிறது, ஏனெனில் கட்டிய பால் மீண்டும் ஓடாது. உறைந்த விலையோ கெடு முடிந்ததும் இளகிவிடும்.

விலையோடு நகையும் பூட்டப்பட வேண்டும். லுனாஸில் ஒருவரும் பீடோங்கில் ஒருவரும் ஒரே நொடியில் அதே 8.13 கிராம் சங்கிலியைத் தேர்ந்தால், இருவருக்குமே ‘இருக்கிறது’ என்று பதில் சொல்லிவிட்டு இருவரிடமும் பணம் வாங்கும் ஆபத்து உண்டு. பார்ப்பதும் ஒதுக்குவதும் இரண்டு செயல்களாக இருப்பதே இதற்குக் காரணம். அவற்றை இடையில் எவரும் புக முடியாத ஒரே செயலாகக் கட்டுவதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். முதலில் வந்த கோரிக்கை அந்த நகையின் வரியைப் பூட்டிக்கொள்ள, அடுத்தது பூட்டு திறக்கும்வரை காத்திருந்து ‘இல்லை’ என்னும் உண்மையான பதிலைப் பெறுகிறது. வங்கிகளுக்கும் விமான முன்பதிவுக்கும் பயன்பட்ட இந்தக் கருத்தைச் செப்பமாக வரையறுத்தவர்களுள் முதன்மையானவர் கணினி அறிஞர் ஜிம் கிரே. 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

மலேசியாவில் எஃப்பிஎக்ஸ் என்னும் இணையவழிக் கட்டண முறை வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் செலுத்துவோர் பலர் என்பதால், இன்னொரு நுணுக்கமும் தேவைப்படுகிறது. பணம் கட்டியவர் கைப்பேசியை மூடிவிட்டாலும், பணம் வந்தது என்னும் செய்தி கடையின் கணினிக்குத் தனி வழியில் வரும். சில வேளைகளில் இருமுறை வரும், சில வேளைகளில் கெடு கடந்தும் வரும். இரண்டாவது செய்தியைக் கண்டு இன்னொரு நகையை அனுப்பிவிடாமல் ஆணை எண்ணைக்கொண்டு அடையாளம் காண்பதும், தாமதமாக வந்த பணத்துக்குப் பழைய விலையை மதிப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று முன்பே எழுதி வைப்பதும் நல்ல வடிவமைப்பின் இலக்கணம்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கைப்பேசிக் கேமராவில் முகத்தின்மேல் தோடு மாட்டிக் காட்டும் வித்தையையே நகை வணிகத்தின் எதிர்காலமாக விற்பவர்களை நம்பக் காரணமில்லை. சென்னையில் 2008இல் இணையத்தை நம்பியே தொடங்கிய காரட்லேன், பின்னர் 200க்கும் மேற்பட்ட கடைகளைத் தெருக்களில் திறந்தது. தாலிக்கொடியைக் கையில் ஏந்திக் கனம் பார்க்காமல் வாங்கத் தயங்கும் குடும்பத்துக்குத் திரையில் அசையும் படம் விடையாகாது. கூலிம் கிளையில் உள்ள நகையை இணையத்தில் ஒதுக்கி வைத்து, நேரில் வந்து நிறுத்துப் பார்த்து வாங்கும் வழி விடையாகும்.

அந்த வழி சரியாக நடக்க வேண்டுமானால், கண்ணாடிப் பெட்டிக்குள் சங்கிலியின் கொக்கியில் நூலால் கட்டித் தொங்கும் விரல்நக அளவுச் சீட்டும் தரவுத்தளத்தின் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் 916 என்றும் 8.13 என்றும் இருக்கும். அருகில் பட்டைக்குறி இருக்கும். கல்லாவில் நிற்கும் பணியாளர், வந்தவரின் கையில் சங்கிலியைக் கொடுப்பதற்கு முன் அந்தக் குறியை வருடியாக வேண்டும். ஏனென்றால் அதே நொடியில் லுனாஸில் ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கலாம்.