பாலுக்கும் முட்டைக்கும் ஈடு எது?

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கர்நாடக அரசு, கல்யாண கர்நாடகம் எனப்படும் வட்டாரத்தின் மாவட்டங்கள் சிலவற்றில் பள்ளி மதிய உணவுடன் முட்டை வழங்கத் தொடங்கியது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் அளிக்கப்பட்டது. மறு ஆண்டில் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, அங்குள்ளோர் ‘சிக்கி’ என்று வழங்கும் கடலை மிட்டாயும் மாற்று உணவாகச் சேர்க்கப்பட்டது. முட்டை தரலாமா, கூடாதா என்பது பற்றி அப்போது எழுந்த விவாதம் பெரிது. ஆனால், வாழைப்பழம் முட்டைக்கு ஈடாகுமா என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதச்சத்து உண்டு. ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் இருந்தால் அதிகம். பாதிக்கு மேல் நிலக்கடலை சேர்ந்த 35 கிராம் கடலை மிட்டாயில் ஏறத்தாழ ஐந்து கிராம் கிடைக்கும். எனவே, மரக்கறி உண்ணும் குழந்தைக்கு முட்டையின் இடத்தை ஓரளவேனும் நிரப்பக் கூடியது கடலை மிட்டாயே அன்றிப் பழம் அன்று.

புலாலையோ, பாலையும் முட்டையையுமோ விட்டு விலக விரும்புவோர் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். விலக்கப்படும் உணவு என்ன வேலை செய்து வந்தது, அந்த வேலையை இனி எது செய்யும் என்று பார்க்க வேண்டும். நிறமும் சுவையும் ஒத்திருப்பதால் மட்டும் ஒரு பொருள் ஈடாகிவிடாது.

இந்தக் கேள்விக்கும் பெங்களூருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்ட காந்தியடிகள், பின்னர் கடும் நோய்க்கு ஆளாகி ஆட்டுப்பாலை ஏற்க நேர்ந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவு ஒன்றை ஆய்வாளர்கள் கண்டறிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். அவரே 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்த இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று கால்நடை வளர்ப்பு முறைகளைக் கற்றார் என்பது சுவையான முரண்தான்.

அதே நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1930-களில் கமலா சோகோனி பால், பருப்பு வகைகள் ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்தார். பெண் என்பதற்காக முதலில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. போராடியே அவர் இடம் பெற்றார். 1940-களில் அக்கழகத்தில் வி. சுப்பிரமணியன் முதலியோர் சோயா மொச்சையிலிருந்து பால் தயாரிக்கும் முறைகளை ஆராய்ந்தனர். 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அவரே அதன் முதல் இயக்குநரானார். நிலக்கடலைப் புரதத்தைச் சேர்த்துப் பாலின் அளவைப் பெருக்கும் ‘மில்டோன்’ என்ற பானம் அந்நிலையத்தின் படைப்பாகும். 1970-களில் அது பெங்களூர்ப் பால்பண்ணையில் உற்பத்தி செய்யப்பட்டது. இம்முயற்சிகளுக்குத் தூண்டுகோலாக இருந்தது பால் பற்றாக்குறையே. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் சுவையோடு நில்லாமல் சத்தையும் அளந்து பார்த்தார்கள். இன்று கொள்கையின் பொருட்டுப் பாலை விடுவோரும் அந்த அளவுகோலையே கைக்கொள்வது நல்லது.

பசும்பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் புரதம் உண்டு. தேங்காய்ப்பால் வெண்மையாக இருப்பினும் அதில் கொழுப்பே மிகுதி, புரதம் சொற்பம். கடைகளில் விற்கும் பாதாம், ஓட்ஸ் பானங்கள் பலவற்றில் ஒரு விழுக்காடு அளவே புரதம் காணப்படுகிறது. காப்பியில் கலப்பதற்கு இவை போதும். வளரும் குழந்தையின் பாலுக்கு ஈடாகா. புரத அளவில் பாலுக்கு இணையாக நிற்பது சோயாப்பால் ஒன்றே எனலாம்.

அதை வீட்டிலேயே செய்ய இயலும். பச்சை வாடை வீசுகிறது என்று பலர் ஒரு முறை செய்துவிட்டுக் கைவிடுகின்றனர். அந்த வாடை சோயாவில் இயல்பாக இருப்பதன்று. ஊறிய பருப்பைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது அதிலுள்ள நொதி ஒன்று கொழுப்பைத் தாக்குவதால் உண்டாவது. ஆகவே, இரவு முழுவதும் ஊறிய சோயாவைத் தேய்த்துத் தோல் நீக்கி, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் இட்டு எடுத்து, வெந்நீர் விட்டே அரைக்க வேண்டும். ஒரு பங்கு சோயாவுக்கு எட்டுப் பங்கு நீர் போதும். துணியில் வடிகட்டிய பின், கிளறிக்கொண்டே பத்து முதல் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்தல் இன்றியமையாதது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, அது வெப்பத்தால்தான் அழிகிறது. சக்கையை எறிய வேண்டியதில்லை. அடை மாவில் கலக்கலாம். வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்புகள் சிலவற்றை இட்டு வைத்தால், உறைமோர் இல்லாமலே தயிர் உறையும். நிலக்கடலையிலிருந்தும் இவ்வாறே பால் எடுக்கலாம். ஆனால், பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலைகளைப் பொறுக்கி நீக்கிவிட வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குப் பூஞ்சை படிந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர்.

ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் இப்பானங்கள் எதையும் கொடுக்கலாகாது.

வீட்டில் எடுத்த சோயாப்பாலில் புரதம் நிறைந்திருந்தாலும் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்கக் கர்நாடகத்தார் கடைக்குப் போக வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. எடைக்கு எடை பாலைப் போல் சுமார் மூன்று மடங்கு. கேழ்வரகிலுள்ள சில பொருள்கள் அது உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கின்றன என்பதும் உண்மை. முளை கட்டியும் புளிக்க வைத்தும் உண்டால் அத்தடை குறைகிறது. முளை கட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சும் நம் வழக்கத்தின் பயன் இதுவே.

புலாலின் இடத்துக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஐந்தில் நான்கு பங்கினர் புலால் உண்பவர்கள். இவர்களில் மாற விரும்புவோர் முதலில் நாடுவது பலாக்காயையும் காளானையுமே. மெல்லும்போது கறியைப் போலிருக்கும். ஆனால் சமைத்த பலாக்காயில் புரதம் இரண்டு, மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. ‘மீல் மேக்கர்’ என்ற பெயரில் விற்கும் சோயா உருண்டைகளில் பாதி எடை புரதம்தான். எனினும் அது உலர்ந்த எடைக் கணக்கு. நீரில் ஊறியதும் எடை பெருகி விகிதம் மிகவும் தாழ்ந்துவிடும் என்பதை விடுதிச் சமையலுக்கு அளவு வகுப்போர் மறக்கலாகாது.

இவற்றைவிட எளிதான வழி பெங்களூர்ச் சந்தைகளில் மார்கழி, தை மாதங்களில் குவிந்து கிடக்கிறது. மணம் வீசும் அவரைக்காயின் பருப்பை ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பர். தமிழ்நாட்டில் பிதுக்குப் பருப்பு என்பது இவ்வகையே. பருவம் பாராமல் காய்க்கும் ‘ஹெப்பாள் அவரை’ வகைகளைப் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு, மெத்தியோனின்தான் குறைவு. களியும் அவரைக் குழம்பும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

எந்தக் கீரையும் பருப்பும் நிரப்ப முடியாத இடம் ஒன்றுண்டு. வைட்டமின் பி-12 தாவர உணவில் இல்லை. இட்லி மாவு புளிப்பதால் அது கிடைக்கிறது என்பதை நம்பியிருக்க முடியாது. பால் உண்ணும் மரக்கறியாளருக்குப் பால் வழியே சிறிது கிடைக்கும். பாலையும் விட்டவருக்கு அதுவும் இல்லை. ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், புது உணவு முறை நன்றாகவே ஒத்துக்கொண்டது என்று தோன்றும். பிறகு சோகையும், கை கால்களில் மதமதப்பும் தலைகாட்டும். நரம்புகளுக்கு நேரும் கேடு சில வேளைகளில் மீளாமலும் போகலாம். ஆகவே பால், முட்டை, புலால் மூன்றையும் விட்டவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும், மருத்துவரின் ஆலோசனைப்படி பி-12 மாத்திரை உட்கொள்வதோ, அது செறிவூட்டப்பட்ட உணவை நாள்தோறும் உண்பதோ கட்டாயம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, விலங்குப் பொருள் எதுவும் கலவாத உணவுக்குத் தனிப் பச்சை முத்திரை வகுக்கப்பட்டுள்ளது. பொருள் எதிலிருந்து வந்தது என்பதை மட்டுமே அம்முத்திரை சொல்லும். புரதம் எத்தனை கிராம், சுண்ணாம்புச்சத்தும் பி-12-உம் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பவை பொட்டலத்தின் பின்புறம், சிறிய எழுத்தில் இருக்கும்.