மழை நின்றது, பஸ் கிளம்பியது

சங்கரன்கோவில் பக்கத்து வாசுதேவநல்லூரில் சிந்தாமணிநாதர் அர்த்தநாரீசுவரராக நிற்கிறார். பாதி சிவன், பாதி சக்தி, உருவம் ஒன்று. அச்செழுத்துகளிலும் அப்படி ஓர் உருவம் உண்டு. மேலே முற்றுப்புள்ளி, கீழே காற்புள்ளி. ஆங்கிலத்தில் செமிகோலன், தமிழில் அரைப்புள்ளி. மேல்பாதி, ‘வாக்கியம் முடிந்துவிட்டது’ என்கிறது. கீழ்ப்பாதி, ‘எழுந்துவிடாதே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது’ என்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேறு எந்தக் குறியாலும் முடியாது.

இது பிறந்த ஊர் வெனிஸ். எட்னா எரிமலையில் ஏறிய அனுபவத்தைப் பியத்ரோ பெம்போ லத்தீனில் எழுதினார். அந்தச் சிறு நூலை ஆல்டஸ் மனூஷியஸ் 1496இல் அச்சிட்டார். அதற்கான எழுத்துகளை வெட்டிக்கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. இன்று நாம் காணும் செமிகோலன் அந்தப் பக்கங்களில்தான் தலைகாட்டியது. கிரேக்கர்கள் இதே உருவத்தைக் கேள்விக்குறியாக வைத்திருக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

தொடக்கத்தில் இது இலக்கணக் குறியாக இல்லை; மூச்சுக் கணக்காக இருந்தது. வாய்விட்டுப் படிப்பவர் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்? ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் ஒவ்வொரு குறியும் முந்தையதைப் போல இரு மடங்கு. கமாவுக்கு 1 என்றால் செமிகோலனுக்கு 2, கோலனுக்கு 4, முற்றுப்புள்ளிக்கு 8. நம் பள்ளி இலக்கணத்தில் கணக்கு வேறு. கால், அரை, முக்கால், முற்று என்று 1, 2, 3, 4 மாத்திரை. ஒரு மாத்திரை என்பது ஒருமுறை கண் இமைக்கும் நேரம். ஆக, அரைப்புள்ளியில் இருமுறை இமைக்கலாம்.

இன்றைய ஆங்கிலம் மூச்சை எண்ணுவதில்லை. வாக்கியத்தின் கட்டுமானத்தைப் பார்க்கிறது. விதி எளிது. குறிக்கு இருபுறமும் தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நெருங்கிய உறவும் இருக்க வேண்டும். ‘மழை நின்றது; புளியங்குடி பஸ் கிளம்பியது.’ வலப்பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் படியுங்கள். பிறகு இடப்பக்கத்தை மறையுங்கள். இரண்டும் தனித்தனியே நிற்கின்றன, தேர்ச்சி! ‘மழை நின்றதால்’ என்று ஒரு பக்கம் தொங்கினால் செமிகோலனுக்கு அங்கே இடமில்லை. நடுவில் ‘அண்ட்’, ‘பட்’ வந்தால் கமாவே போதும். ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன்னால் செமிகோலன், பின்னால் கமா.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பட்டியலின் உருப்படிகளுக்குள்ளேயே கமா இருந்தால், எது எங்கே முடிகிறது என்று குழம்பும். அப்போது செமிகோலன் பெரிய தடுப்பாக வந்து நிற்கும். நம் அரசியலமைப்பின் ஆங்கில முகவுரையைப் பாருங்கள். முழுவதும் ஒரே வாக்கியம். நீதிக்குள் சமூக, பொருளாதார, அரசியல் என்று மூன்று வகை. சுதந்திரத்துக்குள் சிந்தனை, கருத்து, நம்பிக்கை, சமயம், வழிபாடு என்று ஐந்து. இவை ஒன்றோடொன்று கலக்காமல் காப்பவை செமிகோலன்கள்தாம்.

இந்தத் தடுப்பை நீக்கியது ஒரு பெரிய நீதிமன்ற வழக்கின் எல்லையையே மாற்றியிருக்கிறது. நாஜித் தலைவர்களை விசாரிக்க 1945 ஆகஸ்டில் நேச நாடுகள் ஒரு சாசனம் எழுதின. மானுடத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுக்கும் பிரிவில், ஆங்கிலப் படியில் செமிகோலன். ரஷ்யப் படியில் கமா. செமிகோலன் இருந்தால், ‘நீதிமன்றத்தின் வரம்புக்குட்பட்ட வேறொரு குற்றத்தோடு தொடர்பு வேண்டும்’ என்ற நிபந்தனை பிரிவின் பின்பாதியோடு நின்றுவிடும். கமா இருந்தால் அது பிரிவு முழுவதையும் பிடிக்கும். அக்டோபர் 6 அன்று பெர்லினில் நான்கு வல்லரசுகளும் கூடிக் கையெழுத்திட்டு, கமாவே சரி என்று திருத்தின. விளைவாக, போருக்கு முந்தைய கொடுமைகள் பல விசாரணை எல்லைக்கு வெளியே போயின.

இவ்வளவு வேலை செய்யும் குறி இல்லாமலே தமிழ் நூற்றாண்டுக்கணக்கில் எழுதப்பட்டது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் கிடையாது. நிறுத்தற்குறிக்கு எங்கே போவது? குறி செய்ய வேண்டியதை வினைச்சொல்லின் வால் செய்தது. ‘சந்தைக்குப் போய், காய் வாங்கி, வீடு திரும்பி, சமைத்தாள்.’ செயல் நான்கு, முற்றிய வினை ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் வினையெச்சம், அதாவது முடியாமல் அடுத்த வினைக்குக் கை நீட்டும் சொல்.

அந்த வாலுக்குள் இன்னொரு நுட்பம். ‘முத்து வந்து உட்கார்ந்தான்’ என்றால் வந்தவனே உட்கார்ந்தவன். ‘முத்து வர, கண்ணன் எழுந்தான்’ என்றால் ஆள் மாறிவிட்டது. ‘வந்து’ போன்ற எச்சம் அதே ஆளின் வினையோடு முடியும், ‘வர’ போன்றது அடுத்தவர் வினையையும் ஏற்கும் என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. இதையெல்லாம் செமிகோலன் சொல்லாது.

தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். ‘மழை நின்றது, பஸ் கிளம்பியது’ என்று தமிழில் காற்புள்ளியோடு எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘கமா ஸ்ப்ளைஸ்’, இரு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிய பிழை. அங்கே கமாவை செமிகோலனாக்கினால் பிழை போகும், ஆனால் மழை நின்றதால் பஸ் கிளம்பியதா, நின்ற பிறகு கிளம்பியதா என்பது சொல்லப்படாமலே நிற்கும். அதைப் படிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஆங்கிலத்தில் இந்தக் குறியைப் போடுமுன் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நின்றதால்’ வருகிறதா, ‘நின்றும்’ வருகிறதா? எது என்று படிப்பவருக்குத் தானாகவே விளங்கும் என்றால் செமிகோலன் போடலாம். விளங்காது என்றால் ‘பிகாஸ்’ என்றோ ‘ஆல்தோ’ என்றோ வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.