சூடும் வேண்டும், சூடும் கூடாது
உர மூட்டைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டைக் கடந்த சமரசம்

ஜார்கண்டின் சிந்த்ரியில் 2002-ல் மூடப்பட்ட உர ஆலை இருந்த இடத்தில், 2022-ல் புதிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா தயாரிக்கும் திறன் கொண்டது. எந்திரங்கள் புதியவை. பிரச்சினை மட்டும் பழையது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியா சூடு இல்லாமல் உருவாகாது. சூடு அதிகமானால் நிலைக்காது.

காற்றிலுள்ள நைட்ரஜனும் இயற்கை எரிவாயுவிலிருந்து பெறும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. ஆனால் இது ஒருவழிப் பாதை அல்ல. உருவான அம்மோனியா மீண்டும் உடைகிறது. சேரும் வேகமும் உடையும் வேகமும் சமமாகும் கட்டமே வேதிச் சமநிலை. அதன்பின் எவ்வளவு காத்திருந்தாலும் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

அம்மோனியா உருவாகும்போது வெப்பம் வெளியாகிறது. எனவே வெப்பநிலையை உயர்த்தினால், வெப்பத்தை உறிஞ்சும் எதிர்வினையின் கை ஓங்குகிறது. 1884-ல் பிரான்ஸின் லெ ஷாட்லியே வகுத்த விதி இது. அதே ஆண்டு டச்சு விஞ்ஞானி வான்ட் ஹாஃப் இதைக் கணிதச் சமன்பாடாகவே தந்தார்.

காரணம் வெப்ப இயக்கவியலில் இருக்கிறது. நான்கு வாயு மூலக்கூறுகள் இரண்டாகும்போது என்ட்ரோபி, அதாவது அவை சிதறித் திரிவதற்கான வாய்ப்பு, குறைகிறது. வெப்பநிலை ஏற ஏற இந்த இழப்பின் எடை கூடுகிறது. வெளியாகும் வெப்பத்தால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. வளிமண்டலத்தைப்போல 200 மடங்கு அழுத்தத்தில், சமநிலைக் கலவையில் அம்மோனியாவின் பங்கு 200 டிகிரி செல்சியஸில் சுமார் 86 சதவீதம், 400-ல் 36, 500-ல் வெறும் 18.

குளிர்வித்தால் போயிற்று என்று தோன்றும். ஆனால் நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பு மிக இறுக்கமானது. குளிரில் வினை கிட்டத்தட்ட நின்றே விடும். விளைச்சல் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வகத்தில் வழி கண்டார். கார்ல் போஷ் 1913-ல் ஓப்பாவில் அதை ஆலையாக்கினார். உயர் அழுத்தம், இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி வரை சூடு. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் கொஞ்சம் அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். இன்றும் இதே உத்திதான்.

வாயுவை அழுத்தவும் சுழற்றவும் எரிசக்தி செலவாகிறது. இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இது சிறிய கணக்கல்ல. குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் வினையூக்கியை உலகெங்கும் தேடுவது இதனால்தான். ஆனால் எந்த வினையூக்கியும் சமநிலையை நகர்த்தாது. அங்கே சீக்கிரம் கொண்டு சேர்க்கும், அவ்வளவுதான். இயற்கையின் விதியோடு பேரம் பேசலாம், மீற முடியாது.