கூலியா, சம்பளமா, கான்ட்ராக்டா?
வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரி, தொழிலாளர் விதிகள்

மாதக் கடைசியில் நம் கல்லாவிலிருந்து பணம் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கடைப் பையன்களும் கணக்குப்பிள்ளையும் மட்டுமா? மூட்டை இறக்கும் சுமைத் தொழிலாளர், பருப்பு புடைத்துப் பாக்கெட் போடும் பெண்கள், மாலையில் வந்து கணக்கு எழுதுகிறவர், லைனுக்குப் போய் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன், தரகர், வேன் டிரைவர், லாரிக்காரர் என்று பட்டியல் நீளும். இவர்களில் யார் நம் தொழிலாளி, யார் தனித்தொழில் செய்பவர் என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே பதில் வராது. "சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் தொழிலாளி, வவுச்சரில் கொடுத்தால் கான்ட்ராக்ட்" என்பதே பொதுவான நினைப்பு. இந்த நினைப்பு ஆபத்தானது.

சட்டம் வவுச்சரின் தலைப்பைப் பார்ப்பதில்லை. வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

1950-களில் சௌராஷ்டிராவில் உப்பளத் தொழிலாளர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த உப்பளத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு உழைத்தார்கள்; எடை கணக்கில் பணம் வாங்கினார்கள்; உதவிக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆகவே அவர்கள் கான்ட்ராக்டர்கள் என்று கம்பெனி வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி என்றது.

1973-இல் வந்தது தையல் கடை வழக்கு. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற கடையில் தையல்காரர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. வேலை இருந்தால் வருவார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள். வேறு கடைக்குத் தைக்கவும் தடையில்லை. ஆனால் தையல் மெஷின்களில் பெரும்பாலானவை கடைக்காரருடையவை. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே. கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி அவர்கள் அந்தக் கடையின் தொழிலாளர்களே என்று தீர்ப்பாயிற்று. பாக்கெட் போடும் பெண்களை "பீஸ் ரேட்தானே" என்று ஒதுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் இந்தத் தீர்ப்பை மறக்கக் கூடாது.

1978-இல் ஐதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கு. தியேட்டருக்குள் கான்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கான்ட்ராக்டர்கள் நடத்தினார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கும் தியேட்டர் முதலாளியே இ.எஸ்.ஐ. பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருப்பதால் மட்டும் பொறுப்பு நம்மை விட்டுப் போவதில்லை. 1996-இல் ராஜகமல் டிரான்ஸ்போர்ட் வழக்கில், லாரி சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களும் இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வருவார்கள் என்று தீர்ப்பு வந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. மேலே சொன்ன தீர்ப்புகள் பழைய சட்டங்களின் கீழ் வந்தவை. ஆனாலும் தொழிலாளி யார் என்று கண்டுபிடிக்க அவை காட்டிய வழி இன்றும் பயன்படும்.

ஏழு கேள்விகள்

ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. வேலையை எப்படிச் செய்வது என்று சொல்வது யார்? நாமா, அவரா?
2. வரும் நேரம், போகும் நேரம், விடுமுறை ஆகியவற்றை முடிவு செய்வது யார்?
3. தராசு, சீல் மெஷின், தள்ளுவண்டி, வேன் யாருடையவை?
4. தனக்குப் பதிலாக வேறு ஆளை அவர் அனுப்பலாமா?
5. வேலை கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு?
6. வேறு கடைகளுக்கும் உண்மையில் வேலை செய்கிறாரா?
7. அந்த வேலை நம் வியாபாரத்தின் அன்றாடப் பகுதியா, எப்போதாவது வருவதா?

ஒரே ஒரு பதிலை வைத்து முடிவு செய்யக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வருகிறவர் தன் கருவியோடு வந்து, வேலையை முடித்து, பில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் தனித்தொழில் செய்பவர் என்பதில் ஐயமில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து நம் தராசில் நிறுத்து, நம் மெஷினில் சீல் வைத்து, நம் பெயர் போட்ட பாக்கெட்டை அடுக்குகிறவர் நம் தொழிலாளிதான். கூலி கிலோ கணக்கானாலும் சரி.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி, பாக்கெட் வேலையைக் கான்ட்ராக்ட் விட்டதாகப் பத்திரம் எழுதி வைத்திருந்தார். கான்ட்ராக்டர் என்று கையெழுத்துப் போட்டவர் அவருடைய பழைய கணக்குப்பிள்ளை. அவருக்கு வேறு வேலையும் கிடையாது, வேறு கடையும் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம், "லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் கல்லாவில் இருந்த முதலாளியைக் காட்டினார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

இ.எஸ்.ஐ., பி.எப். கணக்கு

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ., இருபது பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பி.எப். என்பது பொது விதி. இந்த எண்ணிக்கையில் கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் சேர்வார்கள். "என் கடையில் எட்டுப் பேர்தான்" என்பவர், கிடங்கில் பாக்கெட் போடும் ஐந்து பேரை விட்டுவிட்டு எண்ணுகிறார் என்று பொருள்.

இ.எஸ்.ஐ. பங்களிப்பு 2019 ஜூலை முதல் முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு நம் பங்கு 390 ரூபாய், அவர் பங்கு 90 ரூபாய், மொத்தம் 480 ரூபாய். இப்படி ஐந்து பேரை மூன்று ஆண்டு கணக்கில் காட்டாமல் விட்டால் அசல் பாக்கி மட்டும் 86,400 ரூபாய். பழைய மாதங்களுக்கான தொழிலாளி பங்கைப் பின்னால் அவர்களிடம் பிடிக்க முடியாது. அதுவும் நம் தலையில்தான் விழும். வட்டியும் அபராதமும் இதற்கு மேல்.

இதைவிடப் பெரியது விபத்து. ஏணியிலிருந்து விழுந்தோ, மூட்டை சரிந்தோ ஒருவருக்கு இடுப்பு ஒடிந்தால், இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வைத்தியமும் உதவித்தொகையும் கழகத்திலிருந்து கிடைக்கும். இல்லாதவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மாதம் 390 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்பதும், அந்தச் சுமை நம் கடை மீது விழுவதும் நியாயமா என்று யோசிக்க வேண்டும்.

புதிய தொகுப்புச் சட்டங்களில் இன்னொரு செய்தி உண்டு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கிக் காட்டும் வழக்கம் இனிப் பயன்படாது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த அதிகப்படியும் சம்பளமாகவே கணக்கிடப்படும்.

நம் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்த முடியாது. "கான்ட்ராக்ட் ஆள்தானே, நாளையிலிருந்து வராதே" என்று சொல்லும் முன், அவர் உண்மையில் கான்ட்ராக்ட் ஆளா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வருமான வரிப் பிடித்தம்

தொழிலாளிக்குக் கொடுப்பது சம்பளம். அவருடைய ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் வந்தால் மட்டும் நாம் வரி பிடிக்க வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால், நம் கடைகளில் பெரும்பாலோருக்குப் பிடித்தமே வராது.

தனித்தொழில் செய்பவர்களுக்கு விதி வேறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 194-சி, 194-எச், 194-ஜே என்று நாம் பழகிய பிரிவுகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 393-ஆம் பிரிவில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

கான்ட்ராக்ட் வேலைக்கு: ஒரே பில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் போனால், தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனம், கம்பெனிக்கு 2 சதவீதம் பிடிக்க வேண்டும்.

தரகு, கமிஷனுக்கு: ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 2 சதவீதம். முன்பு 5 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரில் குறைந்தது.

ஆடிட்டர், வக்கீல் போன்றவர்களின் தொழில் கட்டணத்துக்கு: ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம்.

தனிநபர் வணிகர், இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால், முந்தைய ஆண்டு விற்றுவரவு ஒரு கோடியைத் தாண்டியிருந்தால்தான் இந்தக் கடமை. கூட்டு வியாபார நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. விற்றுவரவு எவ்வளவானாலும் பிடிக்க வேண்டும். நம் சங்கத்தில் பங்குதாரர் கடைகள் நிறைய உள்ளதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பான் எண் தராதவருக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம். பிடிக்காமல் விட்டால், அந்தச் செலவில் 30 சதவீதம் தள்ளுபடியாகாது. உதாரணமாக, பாக்கெட் கான்ட்ராக்டருக்கு ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் கொடுத்தால் பிடிக்க வேண்டியது 4,800 ரூபாய்தான். பிடிக்காவிட்டால் 1,44,000 ரூபாய் நம் லாபத்தோடு சேரும். கூட்டு நிறுவனத்துக்கு அதன் மீது வரி 43,200 ரூபாய், செஸ் தனி.

லாரி வாடகையில் ஒரு சலுகை இருக்கிறது. பத்து வண்டிக்கு மேல் இல்லாத உரிமையாளர், பான் எண்ணோடு எழுத்து மூலம் உறுதி கொடுத்தால் பிடித்தம் வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ரொக்கமாக ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல், லாரி வாடகையானால் 35,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செலவு ஏற்கப்படாது என்பதும் நாம் அறிந்ததே.

யார் எந்தப் பக்கம்?

கணக்கு எழுதுகிறவர்: காலை முதல் மாலை வரை நம் கடையிலேயே இருந்தால் தொழிலாளி. நான்கு கடைகளுக்கு அவரவர் வசதிப்படி எழுதிக் கொடுத்துக் கட்டணம் வாங்கினால் தனித்தொழில்.

லைன் சேல்ஸ்மேன்: நமக்கு மட்டும் உழைத்து, சம்பளத்தோடு கமிஷனும் வாங்கினால் இரண்டும் சேர்ந்தே சம்பளம். சொந்த வண்டியில் பல கம்பெனிச் சரக்குக்கு ஆர்டர் எடுத்து, விற்றதற்கு மட்டும் கமிஷன் வாங்கினால் ஏஜெண்டு.

சுமைத் தொழிலாளர்: மார்க்கெட்டில் எல்லாக் கடைக்கும் இறக்கும் குழு வேறு, நம் கிடங்கிலேயே நாள் முழுதும் இருக்கும் ஆட்கள் வேறு. முதல் வகையினர் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்; அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வது நம் கடமை. இரண்டாம் வகையினரைக் கூலிப் புத்தகத்தில் எழுதாமல் சம்பளப் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே வேறுபாடு உண்டு. தொழிலாளியின் சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தனித்தொழில் செய்பவரின் சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் அவர் பதிவு செய்து பில் போட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில், பணம் வாங்கும் எல்லோர் பெயரையும் ஒரே தாளில் எழுதி, ஏழு கேள்விகளையும் ஒவ்வொருவருக்கும் போட்டுப் பாருங்கள். தொழிலாளி என்று தெரிந்தவருக்கு நியமனக் கடிதம் கொடுத்துச் சம்பளப் பதிவேட்டில் சேருங்கள். உண்மையான கான்ட்ராக்டரிடம் பான் எண், பில், எழுத்து ஒப்பந்தம் வாங்குங்கள். அவர் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ., பி.எப். கட்டிய ரசீதின் நகல் வந்த பிறகு அடுத்த பில்லுக்குப் பணம் கொடுங்கள். சந்தேகமான இடங்களில் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவரைக் கான்ட்ராக்ட் என்று சொல்லி வருமான வரிக் கணக்கில் ஒரு பெயரிலும், தொழிலாளர் துறைக்கு இன்னொரு பெயரிலும் காட்டக் கூடாது. இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டிலிருந்து வருபவை. ஒன்றை ஒன்று காட்டிக் கொடுத்துவிடும். சரக்கில் எடை சரியாக இருக்க வேண்டும் என்று நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோமோ, அதே கவனம் ஆள் கணக்கிலும் இருக்கட்டும்.