மும்மரமும் அதன் கட்டும்

நடுவே நீண்ட உடலொன்று. இருபுறமும் சிறிய உடல் ஒவ்வொன்று. மூன்றையும் பிணைக்கும் குறுக்குக் கைகள். நடுவுடலின்மேல் ஓங்கி நிற்கும் பாய்மரம். இவ்வமைப்புடைய கடற்கலத்தை மேனாட்டார் ‘டிரைமரன்’ என வழங்குவர். சமுத்திரப் பயணமே வாழ்வாகக் கொண்டோர் சிலர் இதனையே வீடாக்கிக் குடும்பத்தோடு வசிப்பதும் உண்டு. இப்பெயரின் முன்பாதி மூன்றெனப் பொருள்படும் பிறமொழி முன்னொட்டு. பின்பாதியோ தமிழ். நமது ‘கட்டுமரம்’ ஆங்கிலர் நாவில் ‘கட்டமரன்’ ஆயிற்று. அதன் தலையை நீக்கி, வாலை மட்டும் மூன்றோடு ஒட்டியபோது பிறந்தது டிரைமரன்.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697இல் வெளியிட்ட தம் பிரயாண நூலில், சோழமண்டலக் கரையிற் கண்ட கட்டுமரத்தை அப்பெயராலேயே குறித்தார். காலப்போக்கில் அச்சொல் பசுபிக் தீவினரின் இரட்டைத் தோணிக்கும் ஏறிற்று. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷொவ் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்னும் ஈருடற்கலம் நியூயோர்க்குப் பந்தயத்தில் ஏனைய பாய்க்கலங்களைப் பின்னிடச் செய்தது. அதன்பின் ஈருடற்கலத்துக்கே அப்பெயர் உரியதாயிற்று. 1940களில், உக்ரேனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்டர் செச்செற் என்பார் மூவுடற்கலங்களை அமைத்து, அவற்றுக்கு டிரைமரன் என்னும் பெயரைப் படைத்தார்.

இலக்கணம் கற்பித்தே தலைநரைத்த என்போன்றார்க்கு இவ்விடத்தில் ஒரு புன்முறுவல் எழும். மகர ஈற்று அஃறிணைப் பெயர் சில, ஈறு னகரமாய்த் திரிந்தும் பொருள் திரியாது நிற்கும் என்பது நன்னூலார் துணிபு. அறம் அறன் ஆகும். கலம் கலன் ஆகும். மரம் மரன் ஆகும். பவணந்தியார் பெயரைக் கனவிலும் கேளாத மாலுமிகள் மரத்தை மரனாக்கியது கடைப்போலிக்கு முற்றும் பொருந்திவிட்டதன்றோ! இனி, தமிழில் இதனை எங்ஙனம் வழங்குவது? மூன்று என்னும் எண் ‘மு’ எனக் குறுகி, முக்கனி, முத்தமிழ் என நிற்குமாறுபோல, ‘மும்மரம்’ எனலாம். அச்சிடுவோர் அன்புகூர்ந்து அதனை ‘மும்முரம்’ எனத் திருத்தாதிருப்பாராக.

நிற்க. சொல் நமதாயின் கலமும் நமதே என மார்தட்டுவாரும் உளர். அவர் கூற்று ஏற்புடைத்தன்று. கட்டுமரத்துக்கு உட்குடைந்த உடல் இல்லை. முருக்கு, மலைவேம்பு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, கயிற்றாற் பிணைத்த மிதவை அது. அலை மேலே விழுந்தால் இடுக்குகளின் வழியே வடிந்துபோகும். உள்ளே நிரம்புதற்கு அங்கே உள்ளிடமே இல்லை. இருபக்க மிதவை கொண்ட தோணியோ இந்தோனேசிய, பிலிப்பைன் தீவினர் வளர்த்தெடுத்த கலை. மும்மரம் வடிவால் அவர்க்கே கடன்பட்டது.

நமது தீவில் சிங்கள மீனவரின் ‘ஒருவ’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குறுகிய உடலொன்றும் ஒரே பக்கத்தில் ஒற்றை மிதவையும் அதற்குண்டு. மிதவையை எப்போதும் காற்று வரும் பக்கமாக வைத்தே ஓட்டுவர். திசைமாற வேண்டின் கலத்தைத் திருப்பாமற் பாயையே மாற்றி, பின்புறத்தை முன்புறமாக்கிக்கொள்வர். இத்தீவின் கடலில் இருமுனையும் அணியமாயுள்ள கலங்கள் ஓடுவதாக உரோமரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். காற்று மிகும்போது ஆட்கள் குறுக்குத்தடியின்மீது நடந்து சென்று மிதவைக்குப் பாரம் கொடுப்பர். எத்தனை பேர் செல்ல வேண்டியிருந்ததோ, அதனைக்கொண்டே ஒராட் காற்று, ஈராட் காற்று என்று காற்றின் வலிமையையும் அளந்தனராம். இதனினும் அழகிய காற்றுமானி எந்த ஆய்வுகூடத்தில் உண்டு?

இம்மூன்று கலங்களையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். மரம் வேறுபடலாம்; மிதவையின் தொகை வேறுபடலாம். பிரிந்து நிற்கும் உறுப்புகளை ஒன்றாய் நிறுத்துவது கட்டு ஒன்றே. மேனாட்டார் நம் சொல்லிலிருந்து மரத்தை எடுத்துக்கொண்டு கட்டைக் கைவிட்டனர். ஆயினும் மும்மரத்தின் வரலாற்றைப் படிக்குந்தோறும், அவர் கைவிட்ட அப்பாதியே திரும்பத் திரும்ப வந்து கணக்குக் கேட்பதைக் காண்கிறேன்.

காரணத்தைச் சிறிது விளக்குவேன். சாதாரணப் பாய்க்கலத்தின் அடியில் ஈயமோ இரும்போ பாரமாகத் தொங்கும். காற்று அடித்தாற் கலம் சாயும். சாயச்சாயப் பாயிலிருந்து காற்று நழுவும். அடிப்பாரம் கலத்தை மீண்டும் நிமிர்த்தும். மும்மரத்தில் அடிப்பாரம் இல்லை. அகலமே அதன் நிலைபேறு. 40 அடி நீளமாயின் அகலம் 22 அடிக்குக் குறையாது. பாரமின்மையாலும், உடல்கள் ஒடுங்கியிருத்தலாலும், தன் அலையைத் தானே ஏறிக் கடக்கும் தொல்லையின்றி அது விரைந்தோடும். ஆனால் அது சாய்ந்து கொடுப்பதில்லை. பெருங்காற்றின் முழுவிசையும் பாய்மரத்திலும் அதனைத் தாங்கும் கம்பிகளிலும் குறுக்குக் கைகளிலும் போய் விழும். மேலும், ஒரு மிதவை அலைமுடியில் ஏறும்போது மற்றது பள்ளத்தில் இறங்கும். ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கடல் அக்கலத்தை இராப்பகலாக முறுக்குகின்றது. அம்முறுக்கு முழுவதையும் ஏற்பவை இணைப்புகளே.

மும்மரத்தைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர்தர் பைவர். சட்டங்களின்மேல் ஒட்டுப்பலகை அறைந்து, கண்ணாடிநாரும் பிசினும் பூசி, வீட்டு முற்றத்திலேயே கட்டத்தக்க வரைபடங்களை அவர் விற்றார். 1960இல் தாமே கட்டிய 30 அடி ‘நிம்பிள்’ கலத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து காட்டினார். தச்சுத்தொழில் அறியாதாரும் துணிந்து கட்டத் தொடங்கினர். எல்லார் கட்டும் ஒரு தரமாக இருக்கவில்லை. 1968இல் தனியே கடலிற் சென்ற பைவரும் திரும்பவில்லை.

அதே ஆண்டில், எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றும் பந்தயமொன்றை இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை அறிவித்தது. புறப்பட்டோர் ஒன்பதின்மர். அவருள் நைஜல் டெட்லி என்னும் கடற்படையதிகாரி, தாமும் மனைவியும் குடியிருந்த 40 அடி மும்மரமாகிய ‘விக்ட்ரஸ்’ஸையே ஓட்டிச் சென்றார். அது பைவர் வரைந்தது. பந்தயத்துக்கன்று, உல்லாசப் பயணத்துக்கெனவே ஒட்டுப்பலகையாற் கட்டப்பட்டது. டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் அவ்வினத்து மும்மரமொன்றிலேயே புறப்பட்டார். இவர் இந்தியாவின் காசியாபாத்திற் பிறந்தவர். அத்திலாந்திக்கை விட்டு நீங்காமலே, உலகைச் சுற்றி வருவதாக இவர் பொய்ச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அச்செய்தியை நம்பிய டெட்லி, தம்மை ஒருவர் துரத்தி வருகிறார் என எண்ணி, ஏற்கெனவே நைந்துபோன கலத்தை ஓய்வின்றி விரட்டினார். 1969 மே மாதம், முடிவிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல் இருக்கையில், இடப்பக்க மிதவையின் அணியம் பிய்ந்து நடுவுடலைத் துளைத்தது. விக்ட்ரஸ் மூழ்கியது, டெட்லி தெப்பமேறி உயிர் தப்பினார். யூலையில் குரோஹர்ஸ்டின் கலம் ஆளின்றி மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. அவர் மீளவேயில்லை. இல்லாத ஒருவர் துரத்தியதால் இருந்த கலம் பிரிந்துபோன இக்கதைக்கு நிகரான அவலத்தை நாடகங்களிலும் யான் அரிதாகவே கண்டுள்ளேன். பந்தயத்தை முடித்தவர் ஒருவரே. பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டிய ‘சுஹைலி’ என்னும் மெதுவான ஒற்றையுடற்கலத்தில் வந்த ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் அவர். தமக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுண் பரிசை அவர் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே ஈந்தார்.

மும்மரத்தின் பிறிதொரு குறையையும் மறைத்தல் ஆகாது. ஒற்றையுடற்கலம் கவிழ்ந்தால் அடிப்பாரம் அதனை நிமிர்த்தும். மும்மரம் கவிழ்ந்தால் தானாக நிமிராது. நேராக நின்றபோது எத்துணை உறுதியோ, தலைகீழாகவும் அத்துணை உறுதியாகவே நிற்கும். ஆனால் மூழ்காது. 1989 யூன் மாதம் நியூசிலாந்திலிருந்து தொங்கா நாட்டுக்குப் புறப்பட்ட ‘ரோஸ் நொயெல்’ என்னும் மும்மரத்தைப் பேரலையொன்று கவிழ்த்தது. உள்ளிருந்த நால்வரும் கவிழ்ந்த உடலுக்குள்ளேயே ஒடுங்கி, மழைநீர் ஏந்தி, மீன் பிடித்து, 119 நாள் மிதந்து, நியூசிலாந்தின் கிரேற் பரியர் தீவிற் கரையேறினர். அவர் உடல்நலத்தோடிருக்கக் கண்ட அதிகாரிகள் முதலில் அக்கதையை நம்ப மறுத்தனராம்.

இத்தகைய பாடங்களாற் கலமும் திருந்திற்று. பழைய மிதவைகள் சிறியனவாய்ப் பெருங்காற்றில் நீருள் அமிழ்ந்தன. இன்றைய மிதவை ஒன்றே கலத்தின் முழு எடையையும் தாங்குமளவு பருமனுடையது. நுரைப்பலகையை நடுவில் வைத்து இருமுகமும் கண்ணாடிநார் போர்த்தும் முறை 1960களிற் புகுந்தது. உடல்களுக்கிடையே பலகை பரப்பாது வலை கட்டுவர். அலை அதனூடே வடிந்துவிடும். கட்டுமரத்தின் இடுக்கு எனக்கு அங்கே நினைவுக்கு வருகிறது. கவிழ்ந்தால் வெளியேற அடிப்புறத்தில் ஒரு கதவு. புயலில் அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடித்து வைக்கக் குடைபோல் விரியும் கடல்நங்கூரம். பக்கவாட்டில் வழுக்காதிருக்கத் தண்ணீருள் இறக்கவும் தூக்கவும் கூடிய பலகை. ஆளுறங்கும்போதும் காற்றைக்கொண்டே திசை காக்கும் சுக்கான் கருவி. இவை இன்றியமையாதன. மற்றை ஆடம்பரங்கள் எத்துணைக் குறைவோ அத்துணை நன்று. பாரம் ஏற்றப்பட்ட மும்மரம் தன் விரைவையும் இழக்கும், தற்காப்பையும் இழக்கும்.

ஆயினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் வாரம். 1950களில் தாமே கட்டிய ஈருடற்கலத்தில் அத்திலாந்திக்கைக் கடந்தவர்; 2021இல் மறைந்தார். 1980களில் அவர் வரைந்த கலங்களில் குறுக்குமரங்களை உடலோடு பிணைப்பதற்கு ஆணியோ திருகோ கொள்ளாது கயிற்றையே கொண்டார். இரும்பாணி விசை முழுவதையும் ஒரு துளையிற் குவிக்கும். கயிறோ அதனைப் பல சுற்றுகளிற் பங்கிட்டு, சிறிதே நெகிழ்ந்தும் கொடுக்கும். ஆணி மறைவிலிருந்தே துருவேறி, முன்னறிவிப்பின்றி முறியும். கயிறு தன் தேய்வைக் கண்முன்னே காட்டும். பசுபிக் தீவினரிடமிருந்து அவர் கற்ற பாடம் இது. சொல்லிலிருந்து கழன்ற கட்டு, கலத்துக்கு இவ்வாறு மீண்டது.

நமது கல்முனைக் கரையில் இதனை எடுத்துரைக்க நூல் வேண்டுவதில்லை. யான் இளைஞனாயிருந்த நாளில், சாய்ந்தமருதுக் கரையில் முதிய மீனவர் ஒருவர், கடலிலிருந்து வந்ததும் வராததுமாகத் தம் கட்டுமரத்தை அவிழ்த்து மரங்களை மணலிற் பரப்பிக்கொண்டிருந்தார். “காக்கா, நாளைக்கும் போகத்தானே போறீங்க, ஏன் ஒவ்வொரு நாளும் அவிழ்க்கிறீங்க?” என்றேன். “கட்டோட கிடந்தா மரம் தண்ணி குடிச்சுப் பாரமாயிரும் தம்பி. அதோட, அவிழ்த்தாத்தானே கயிறு எவடத்தில தேஞ்சிருக்கெண்டு தெரியும்” என்றார். நாள்தோறும் அவிழ்ப்பவர் நாள்தோறும் தம் கட்டைச் சோதிக்கிறார். விக்ட்ரஸின் இணைப்புகளோ பூச்சுக்கும் பிசினுக்கும் அடியில் மூடிக்கிடந்தன.

2004 திசெம்பர் 26இல் இக்கரையைக் கடல் வாரிச்சென்றபின் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடிநார்ப் படகுகளே. அவற்றைக் குறைகூறேன், அவற்றாற் பல குடும்பங்கள் மீண்டும் உலைவைத்தன. ஆனால் கட்டுமரங்கள் அருகின. அவற்றோடு கட்டுவகைகளின் பெயர்களும் அருகுகின்றன. ஐவகைத் திணையையும் ஒப்புவிக்கும் என் மாணாக்கர், நெய்தல் நிலத்திற் பிறந்தவராயிருந்தும், ஒரு முடிச்சின் பெயர் கேட்டால் விழிக்கின்றனர். அம்பி, திமில், பஃறி, புணை, வங்கம், நாவாய் என அடுக்கிய நிகண்டாசிரியரும் கலங்களின் பெயரைத் தொகுத்த அளவுக்குக் கட்டுகளின் பெயரைத் தொகுத்தாரல்லர்.

இக்கரையில் எவரேனும் மும்மரம் கட்டத் துணியின் அது வீண்முயற்சியாகாது என்பது என் எண்ணம். இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்தது. ஆழமான அடிப்பாரக் கலம் நம் கரையை நெருங்க இயலாது. பலகையைத் தூக்கிக்கொண்ட மும்மரத்துக்கோ இடுப்பளவு நீர் போதும். வாடைக்காலத்துப் பேரலைக்குமுன் அதனைக் கரையேற்றிவிட வேண்டும். இருபத்திரண்டு அடி அகலத்தைத் தென்னந்தோப்புக்குள் இழுத்துச் செல்வது எப்படி என்று வினவலாம். மடங்கும் கைகளை நியூசிலாந்தரான இயன் ஃபாரியர் 1970களிலேயே அமைத்தார்; அவை விலையுயர்ந்தன. கயிற்றுக் கட்டாயின் செலவில்லை. அவிழ்த்துவிட்டு, மிதவைகளை ஒருமுறையும் நடுவுடலை ஒருமுறையுமாக, கரைவலைத் தோணியை ஏற்றும் அதே ஆட்களைக்கொண்டு மேட்டுக்கு ஏற்றிவிடலாம். பங்குனி பிறந்து கடல் அடங்கியதும் புதுக்கயிறு வாங்கிக் கட்டவேண்டியதுதான்.