பேசாத பிள்ளைக்கு வழி என்ன?

பாலிகஞ்சில் என் அறைக்குக் கீழ்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். நான்கு வயதுப் பையன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். ஆட்டிஸம் என்றார் மருத்துவர். தனியார் பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டு மலைத்த தந்தை, "தம்பி, ஊருக்கே போய்விடலாமா?" என்றார். விசாரித்தேன், அறிந்ததை அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

ஆட்டிஸத்தைப் போக்க மருந்தில்லை. இளமையிலேயே தொடங்கும் பயிற்சிதான் கைகொடுக்கும்.

முதற்படி, அரசு மருத்துவமனையில் பெறும் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிஸமும் அடங்கும். சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி. பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அடுத்தது, பன்ஹூக்ளியில் உள்ள மத்திய அரசின் அறிவுத்திறன் குறைபாட்டு நிறுவனக் கிளை. கட்டணம் குறைவு. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பாராநகரில் இறங்கிச் செல்லலாம்.

மூன்றாவது, வீடு. வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சியாளர்; மற்ற நேரமெல்லாம் தாய்தானே? அவர் செய்வதைத் தாயும் கற்றுக்கொள்ள வேண்டும். "தமிழை விட்டு ஒரே மொழியில் பேசுங்கள்" என்பாரும் உண்டு. இரு மொழி கேட்பதால் இக்குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாய் தமிழிலேயே கொஞ்சட்டும்!

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. படிவம் நிரப்பவும் வங்காளத்தில் பேசவும்தான் துணை தேவைப்பட்டது. வங்காளம் அறிந்த தோழர்களே, உங்கள் அரைநாள் போதும்.